சாம்பல் கல்லின் கனம்

எங்கள் புதுக்கிணற்றில் சித்தி இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. திண்டிவனத்துக்குக் கிழக்கே, நிலக்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லையில் அப்பா வெட்டிய கிணறு. அம்மாவின் தங்கையான சித்தி கல்லூரியில் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மறுநாள் உள்ளே கருங்கல் வைத்துக் கட்டிவிடுவார்கள். அப்புறம் மண்ணடுக்குகளை யாராலும் பார்க்க முடியாது. அதனால் அன்றைக்கே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அப்பாவும் இரண்டு ஆட்களும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே சித்தி அளந்து சொல்ல, நான் நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் ஊற்றுநீரை இறைக்கும் என்ஜின் கத்திக்கொண்டிருந்தது.

“வெள்ளைக் கல்லு, பதினோரு அடி! ஒரே சிப்பியா இருக்குது. எழுதிக்கினியா?”

எழுதிக்கொண்டேன். அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கல். அதற்கும் மேலே கறுப்புக் களிமண். சாம்பல் கல்லுக்கு நேராக அவள் தொங்கியபோது, களியிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து அவள் தோளை உரசிக்கொண்டு விழுந்தது.

“மண்ணு சரியுது, ஜல்தி வந்துடு!” என்று அப்பா அலறினார்.

“இருங்க மாமா, இத மட்டும் அளந்துடறேன்!”

அடுத்த கட்டி அவள் தலையில் விழுந்தது. ஏதோ ஓர் அளவைக் கத்தினாள். என் காதில் விழவில்லை. நான் கண்களை இறுக மூடியிருந்தேன். அவளை இழுத்து மேட்டில் போட்ட மறுகணம், அந்தப் பக்கம் மொத்தமும் சரிந்து இறங்கியது. சித்தி தலையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“கடைசியா சொன்னத எழுதினியாடி? எனக்குத் தலையே சுத்துது, ஒண்ணும் ஞாபகமில்ல.”

இல்லை என்று சொன்னால் மறுபடியும் இறங்குவாள்.

“அரை அடி” என்றேன்.

“அவ்ளோதானா?” என்று என்னை ஒருமுறை பார்த்தாள்.

சாயங்காலம் சோறு தின்னும்போது அப்பா கேட்டார்: “அந்தக் கல்லுல அப்படி என்னாதான் இருக்குது?”

“இங்க கடல் இருந்துச்சு மாமா. தரை தாழத் தாழ, சிப்பிங்க செத்துச் செத்து, வெளிச்சம் எட்டற ஒசரத்துக்கு மேட்ட வளத்துக்கினே வந்துச்சுங்க. ஒருநேரத்துல ஈடுகுடுக்க முடியல. மேடு மூழ்கிப்போயி சேறு மூடிடுச்சு. மெதுவா மூழ்கிச்சா, சட்டுனு மூழ்கிச்சான்னு, மூழ்கற நேரத்துல படிஞ்ச அந்தச் சாம்பல் கல்லோட கனந்தான் சொல்லணும்.” நோட்டைப் பிரித்து, நான் பிறகு எழுதிவைத்திருந்த எண்ணின் கீழே கோடு போட்டாள். “இவ்ளோ மெல்லிசுன்னா, சட்டுனுதான் மூழ்கியிருக்குது.”

தலையில் கட்டுடன் அவள் உயிரோடு உட்கார்ந்து சோறு தின்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடலுக்கு நேர்ந்ததை நான் மாற்றி எழுதிவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.