இறக்கத்தில் இரும்புக் குழாய்கள்

அந்தப் பிக்கப் சரக்கு வண்டியை முதலில் ஓட்டியவர் அவளுடைய கணவர். ஒருநாள் சரியாகக் கட்டாமல் ஏற்றிய மரப்பலகைகள், பிரேக் போட்டதும் முன்னால் சரிந்து கேபினை இடித்தன. முதுகெலும்பில் அடி. பத்து நிமிடத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது என்றானது. வண்டியை விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, வீட்டில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள், "நான் ஓட்டறேன்" என்றாள்.

கணவர் சிரிக்கவில்லை. "அப்போ முதல்ல கட்டக் கத்துக்கோ. ஓட்டறது அப்புறம்" என்றார்.

ஆறு வருடமாக ஓட்டுகிறாள். மெதுவாகப் போவதால் கடைத்தெருவில் அவளுக்கு 'நத்தை' என்று பெயர். காதில் விழுந்தால், "நத்தை வீட்டோட போகுது, வீட்டோட வருது. உங்களுக்கென்ன?" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, மலைமேல் இருந்த கிடங்கிலிருந்து இரும்புக் குழாய்களைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. கான்ட்ராக்டரே கூட வந்தார். எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றச் சொன்னார்.

"பாதிதான் ஏத்துவேன் சார். மிச்சம் அடுத்த நடை."

"வண்டி தாங்கும்மா!"

"வண்டி தாங்கும். பிரேக் தாங்கணுமே."

கனமான குழாய்களை அடியில், கேபினை ஒட்டி அடுக்கி, இரண்டு கயிறு போட்டாள். கொஞ்ச தூரம் போனதும் ஓரங்கட்டி இறங்கி, தளர்ந்திருந்த கயிற்றை மறுபடி இறுக்கினாள். "இப்படிப் போனா வேலை விளங்கின மாதிரிதான்" என்று கான்ட்ராக்டர் முணுமுணுத்தார். அவள் இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட்டாள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும்.

மூன்றாவது வளைவில் மண் சரிந்து கிடந்தது. ஒரு கார் குறுக்கே நின்றது. அதன் பக்கத்தில், குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண்.

கான்ட்ராக்டர் கத்தியே விட்டார். அவள் ஓங்கி மிதிக்கவில்லை. விட்டு விட்டு அழுத்தினாள். முதல் கியருக்கு இறக்கினாள். மலைப்பக்கச் சரளையில் சக்கரத்தை ஏற்றினாள். பின்னால் குழாய்கள் ஒரே ஒரு முறை 'கணீர்' என்று நகர்ந்தன. வண்டி காருக்கு நாலு முழம் முன்னால் நின்றது.

 பிறகு கான்ட்ராக்டர் மழையில் இறங்கி, கல் தேடி எடுத்து வந்து சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தார்.

"இன்னொரு கல் வைக்கட்டுமாம்மா?"

"போதும் சார். மேல போய் வர்ற வண்டிய நிறுத்துங்க."

அவர் வளைவுக்கு மேலே ஓடிப்போய்க் குடையை ஆட்டிக்கொண்டு நின்றார். மண்ணை அள்ள ஆட்கள் வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை தாயும் குழந்தையும் அவள் கேபினில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்கு ஹாரன் பிடித்துப்போனது.

சாயங்காலம், காயப்போடுவதற்காகக் கயிறுகளைப் பிரித்த கணவர் ஒன்றை அவளிடம் நீட்டினார். குழாயின் விளிம்பு உரசிய இடத்தில் பாதிப் புரி அறுந்திருந்தது.

"விளிம்புக்குச் சாக்கு வைக்கலையா?"

"கான்ட்ராக்டர் அவசரப்படுத்தினார். மறந்துட்டேங்க."

கணவர் திட்டவில்லை. வேறு யாரும் எடுத்துக் கட்டிவிடக் கூடாதென்று, சமையலறைக் கத்தியால் அந்தக் கயிற்றைச் சாண் சாணாக நறுக்கினார். அவள் பாதி குடித்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் அவள் வண்டியை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் புதுக் கயிறு வாங்கி வந்து எடுத்தாள்.