இரண்டு மடிப்பு

எங்கள் வீட்டில் தரை துடைக்கும் துணிக்குக்கூட மடித்துத் தைத்த ஓரம் உண்டு. அப்பாவின் கிழிந்த சட்டையிலிருந்து வெட்டிய துணிதான் என்றாலும் அத்தை அதை அப்படியே விடமாட்டாள். ஓரத்தை ஒருமுறை மடித்து, அந்த மடிப்பை இன்னொருமுறை மடித்து, மேலே ஒரு தையல் ஓட்டிய பிறகுதான் வாளிக்குப் போக விடுவாள்.

"அழுக்குத் தண்ணியில முங்கப்போற துணிக்கு எதுக்கு இந்த அலங்காரம்?" என்று அப்பா கேட்பார்.

"பிசிறு தொங்கினா எனக்குச் சோறு இறங்காதுண்ணே."

அத்தை அப்பாவின் தங்கை. வயது நாற்பத்தாறு. பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு ஷெட்டில் சீட்டும் கூரைத் துணியும் தைக்கிறாள். அதற்கு முன்னால் வீட்டிலேயே பள்ளிப் பைகள் தைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஷெட் முதலாளி கிழிந்த டிரைவர் சீட்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பை தைக்கிற கைக்கு சீட்டு வருமாம்மா?"

"சீட்டும் பைதானேண்ணே. உள்ள புத்தகத்துக்குப் பதிலா பஞ்சு" என்றாளாம் அத்தை.

மறுவாரமே தன் தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள். ஆறு ஆண்கள் ஆயிலும் கிரீஸுமாக நடமாடும் இடத்தில் அவள் மூலை மட்டும் சுத்தமாக இருக்கும். அங்கே செருப்போடு காலை வைத்தவன் திட்டு வாங்காமல் திரும்பியதில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு வெளிர்நீலக் காரைப் பற்றி. பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் இருப்புக்கொள்ளாமல் திரிந்த நாட்களில் அத்தைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலையாக இருந்தது. அதனால் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே சொன்னாள்.

அந்தக் கார் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவருடையது. முப்பது வருடம் அதை ஓட்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சனிக்கிழமை காலை அவரே வந்து ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பெயிண்ட் முடிந்தது. அத்தை கூரையின் உள்பக்கத்துக்குப் பால் நிறத் துணி ஒட்டினாள். பின்கண்ணாடியும் பொருத்தியாகிவிட்டது. பின்சீட்டு உறை மட்டும் பாக்கி. திங்கட்கிழமை முதலாளி காரின் மேல் தண்ணீர் அடித்துப் பார்த்தார். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஒரு தம்ளர் தண்ணீர் தேங்கி நின்றது.

பின்கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் இருக்கும். அதில் இரண்டு பள்ளங்கள். ஒன்றில் கண்ணாடி உட்காரும், இன்னொன்று காரின் தகட்டு விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கூரைத் துணியின் முனையும் மேலேயும் இரண்டு பக்கமும் அந்த விளிம்பைச் சுற்றி வந்து ரப்பருக்குள் ஒளிந்துகொள்ளும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

"ரப்பர் சரியில்ல" என்றார் முதலாளி. செவ்வாய்க்கிழமை புது ரப்பர் போட்டார்கள். அதே பலகையில் அதே அளவு தண்ணீர்.

புதன்கிழமை காலை முதலாளி பெயிண்டரைக் கூப்பிட்டார். "ஏம்பா, விளிம்புல பெயிண்ட்ட கனமா ஏத்திட்டியா?"

பெயிண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருக்கு அத்தையைவிட நான்கைந்து வயது குறைவு. நல்ல வேலைக்காரர், ஆனால் அதை அவரே எல்லோருக்கும் சொல்லிவிடுவார். "என் பெயிண்ட்ல மூஞ்சி பாத்து மீசை வெட்டலாம்ணே. எங்கிட்டத் தப்பு வராது. இங்க உலோக வேலையெல்லாம் நாலு தடவை பாக்குறீங்க, துணி வேலையை யாரு பாக்குறீங்க? அக்காவக் கேளுங்க."

அத்தை மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்ன கேக்கணும்?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா துணிதானேன்னு விட்டுட்டோமேன்னு சொன்னேன்."

'சும்மா துணி' என்ற சொல் அவளை எழுப்பிவிட்டது. கத்திரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். ஷெட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பன்னெண்டு வருஷத்துல என் தையல் பிரிஞ்சுதுன்னு ஒரு வண்டி திரும்பி வந்திருக்கா? என் துணியால ஒரு சொட்டு உள்ள வந்திருந்தா, இந்த வண்டி வாசலத் தாண்டுற வரைக்கும் நான் ஊசியத் தொட மாட்டேன். போதுமா?"

"ஏம்மா, எதுக்கு இவ்வளவு பெரிய வார்த்தை?" என்றார் முதலாளி.

"சொன்னது சொன்னதுதாண்ணே. தண்ணிய அடிக்கச் சொல்லுங்க. நான் உள்ள உக்காந்து பாக்குறேன்."

கறுப்பு ரப்பரின் உள் ஓரம் முழுக்க அவள் வெள்ளைத் தையல் சாக்பீஸைத் தேய்த்தாள். தண்ணீர் பட்ட இடத்தில் வெள்ளை கரைந்து கறுப்பு தெரியும் என்பது கணக்கு. அந்த யோசனை அங்கே வேறு யாருக்கும் வந்திருக்கவில்லை. பின்சீட்டில் முட்டி போட்டு ஏறி, கையில் டார்ச்சோடு கதவைச் சாத்திக்கொண்டாள். பெயிண்டர் வெளியே நின்று தண்ணீரைப் பீய்ச்சினார்.

முதலில் ஒன்றும் இல்லை. மேல் ஓரம் காய்ந்தே கிடந்தது. வலது பக்கமும் அப்படியே. பிறகு இடது பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. ஓட்டையில் ஒழுகும் தண்ணீர் இப்படி அளவெடுத்துக்கொண்டு வராது. அத்தை கட்டைவிரல் நகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு நகத்துக்கு நான்கு புள்ளி. அவளுடைய மெஷினில் ஒரு நகத்துக்கு நான்கு தையல் விழும்.

ரப்பரின் உள் உதட்டை விரலால் விலக்கினாள். விளிம்பைச் சுற்றி வந்த துணியின் முனை இரண்டு மடிப்பாகத் தடித்து நின்றது. மேலே அவள் ஓட்டிய தையல். ரப்பருக்குள் ஒளியப்போகும் முனைக்கு மடிப்பே தேவையில்லை. ஒற்றைத் துணியை ஒட்டி, மிச்சத்தை வெட்டி விடுவதுதான் முறை. அத்தைக்கும் அது தெரியும். ஆனால் பிசிறோடு விடக் கை வரவில்லை. துணியைக் காருக்குக் கொண்டுபோகும் முன்பே, வாளித் துணிக்குச் செய்வதைப்போல, யோசிக்காமலே மடித்துத் தைத்திருக்கிறாள். அந்தத் தடிப்பு இடது பக்கத்தில் ரப்பரைத் தூக்கிவிட்டது. ஈரம் நூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தையல் துளையாக உள்ளே வந்துவிட்டது.

"என்னக்கா, எங்கயாச்சும் வருதா?" என்று பெயிண்டர் வெளியிலிருந்து கத்தினார்.

அந்த நேரம் உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வெளியே நின்றவர்களுக்குக் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. 'ரப்பர்தான்' என்று சொல்லியிருந்தால் மூன்றாவது ரப்பர் வந்திருக்கும். அதற்குள் அவள் சத்தமில்லாமல் மடிப்பை வெட்டியிருக்கலாம்.

"தொண்டை வரைக்கும் வந்துச்சு அந்த வார்த்தை" என்று அன்று இரவு சாப்பிடும்போது எங்களிடம் சொன்னாள். "ஆனா அந்தப் புள்ளிங்க எல்லாம் என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. என் தையல நானே எப்படி இல்லன்னு சொல்றது?"

கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். "தண்ணிய நிறுத்து தம்பி. என் மடிப்புதான்."

பெயிண்டர் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஜெயித்த மாதிரி சிரிக்கத்தான் வந்தார். ஆனால் அத்தை ரப்பரை விலக்கி, டார்ச்சை அடித்து, எந்தத் துளையில் எப்படி நுழைகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. "இத எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றுதான் கேட்டார்.

மதியம் நான் போனபோது கண்ணாடியைக் கழற்றிப் பழைய கம்பளிமேல் வைத்திருந்தார்கள். அத்தை பிளேடால் மடிப்பை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். முனையை விளிம்போடு ஒட்டினாள். பிசிறு தெரிந்தது. இரண்டு முறை கை அதை மடிக்கப் போனது. இரண்டு முறையும் அவளே தன் கையைத் தட்டிவிட்டாள்.

பிறகு ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, வெளிப்பள்ளத்தில் சுற்றிலும் ஒரு கயிற்றை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவினார்கள். பெயிண்டர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, அத்தை உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தாள். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்பக்கம் மடங்கியது. "இங்க அழுத்து. இன்னும் கீழ. அவசரப்படாத, நான் இழுத்த பிறகு நகரு" என்று அவள் குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரே சுற்றில் கண்ணாடி உட்கார்ந்துவிட்டது.

அரை மணி நேரம் தண்ணீர் அடித்தார்கள். பலகைமேல் விரித்திருந்த செய்தித்தாளை முதலாளி எடுத்து உதறினார். மொறமொறவென்று சத்தம் கேட்டது.

"சரி, சீட்டு உறையத் தைச்சு முடிம்மா" என்றார்.

"அதுக்கு ஊசி வேணும். நான்தான் தொட மாட்டேனே."

"விடும்மா, கோவத்துல சொன்னது."

"கோவத்துல சொன்னாலும் நான்தானேண்ணே சொன்னேன்."

"சனிக்கிழமை அந்தம்மா வந்து பின்சீட்டுல எதப் பாப்பாங்க? வெறும் பஞ்சையா?"

அத்தை மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து காலை மிதிப்பலகைமேல் வைத்தாள். "மெஷின மிதிக்க மாட்டேன்னு நான் சொல்லல. தம்பி, இங்க வா. நூலக் கோத்துக் குடு."

"நானா?" என்றார் பெயிண்டர்.

"பின்ன? சும்மா துணிதானே. கை கழுவிட்டு வா."

அந்த மூன்று நாளும் மெஷினில் நூல் கோத்தது பெயிண்டர்தான். ஒற்றைக் கண்ணை மூடி, நாக்கைக் கடித்து, தடித்த விரல்களால் நூல் முனையைத் திருகித் திருகி ஊசிக் காதுக்குள் நுழைக்கப் பார்ப்பார். நூல் அறுந்தால் அத்தை கைகட்டி உட்கார்ந்துவிடுவாள். "தம்பி!" என்று ஒரு குரல்தான். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வரவேண்டும். ஒருமுறை ஊசியே உடைந்துபோக, அதை மாற்றுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"அக்கா, அடுத்த தடவை எதையாச்சும் தொட மாட்டேன்னு சொல்றதா இருந்தா டீ கிளாஸச் சொல்லுங்க."

"வாயப் பாக்காத, ஊசியப் பாரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உறை தயாரானது. சனிக்கிழமை காலை தூறலில் நர்ஸம்மா வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார், கூரைத் துணியைத் தடவினார், பின்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். "ஒழுகாதே?" என்று மட்டும் கேட்டார்.

"ஒழுகுச்சு. நான் பண்ணின தப்பு. சரி பண்ணிட்டேன். இனிமே ஒழுகாது" என்றாள் அத்தை.

நர்ஸம்மா சாவியை வாங்கிக்கொண்டு, "அப்ப சரி" என்று டிரைவர் சீட்டில் போய் ஏறிக்கொண்டார்.

கார் வாசலைத் தாண்டியதும் அத்தை திரும்பி வந்து ஊசிப் பெட்டியைத் திறந்தாள். பெயிண்டர் மேஜைமேல் பளபளப்பு ஏற்றும் துணிகள் ஒரு கட்டு, கிழித்தது கிழித்தபடி கிடந்தன. அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அத்தனையிலும் நான்கு பக்கமும் இரண்டு மடிப்பு விழுந்திருந்தது.