அக்காவுக்கு நான் கொடுக்காத நாட்கள்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னிடம்தான் சொன்னார். "உனக்குத்தான் தமிழ் நல்லா வரும், அவளை முழுசாத் தெரிஞ்சவளும் நீதான்" என்றார். முழுசாக எழுதுவதென்றால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதற்குத் துணிவு வர இரண்டு மாதம் ஆயிற்று.

அக்கா பிறந்தது கரூரில். அப்பா துண்டு, போர்வை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. அம்மாவைக் குளிப்பாட்டியது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அக்காதான். நான் அந்த அறைக்குள் போகவே பயப்படுவேன். "நீ ஸ்கூலுக்குப் போடீ, நான் பாத்துக்கறேன்" என்று அக்கா என்னை அனுப்பிவிடுவார். அம்மா போன பிறகும் அக்கா படிப்பை விடவில்லை. தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் வந்து கணக்கில் எம்.எஸ்.சி.யும், பிறகு பி.எட்.டும் முடித்தார்.

மாமாவைத் திருமணம் செய்துகொண்டு டெக்சாஸ் வந்தபோது அக்காவுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. ஏழு ஆண்டுகள் வீட்டில் இருந்தார். கிரீன் கார்டு வந்த மறுவாரமே பக்கத்துப் பள்ளியில், லீவில் போகும் ஆசிரியர்களுக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் சப்ஸ்டிடியூட் வேலைக்கு மனுப் போட்டார். பிறகு தேர்வுகள் எழுதி, ஃபிரிஸ்கோ பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை ஆனார். பின்னப் பெருக்கலைக் கண்டு அழுத பிள்ளைகள் அக்காவின் வகுப்பில் சிரித்துக்கொண்டே போர்டுக்கு எழுந்து வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி நான் பக்கத்து ஊரான ஆலனுக்கு வந்த பிறகு, அதே பள்ளி மாவட்டத்தில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் பள்ளிகளில், வேறொரு பள்ளியில் எனக்கும் வேலை கிடைத்தது. இரண்டாம் வகுப்பு.

எங்கள் பள்ளி மாவட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்குச் சில நாட்கள் சிக் லீவு தருவார்கள். எடுக்காத நாட்கள் சேர்ந்துகொண்டே போகும். ஊழியர் ஒருவருக்குப் பெரிய நோய் வந்து அவருடைய லீவு தீர்ந்துவிட்டால், அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் ஈமெயில் வரும். விரும்பியவர்கள் தங்கள் நாட்களில் சிலவற்றை அவருக்குக் கொடுக்கலாம்.

அக்கா ஒருமுறைகூட அந்த ஈமெயிலைக் கடந்து போனதில்லை. டயாலிசிஸில் இருந்த பஸ் டிரைவருக்குக் கொடுத்தார். லைப்ரரியில் வேலை பார்த்த ஓர் அம்மாளுக்குக் கொடுத்தார். முகம் தெரியாதவர்களுக்கும் கொடுத்தார். எனக்குக் கோபம் வரும்.

"இப்படி எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டா நாளைக்கு உனக்கு யாரு குடுப்பாங்கக்கா?"

"நாளுதானேடீ. ஜுரம் வந்தா ரெண்டு டைலனால் மாத்திரை போட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிடுவேன்" என்று சிரிப்பார்.

போன வருடத்துக்கு முந்தின நவம்பரில், அம்மாவுக்கு வந்த அதே நோய் அக்காவுக்கும் வந்தது. அறுவை சிகிச்சையும் கீமோவும் தொடங்கின. கையில் இருந்த கொஞ்ச நாட்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்துவிட்டன. மாமாவுக்கு அப்போதுதான் வேலை போயிருந்தது. குடும்பத்தின் மருத்துவக் காப்பீடே அக்காவின் வேலையில்தான் இருந்தது. லீவு இல்லாமல் வீட்டில் இருந்தால் சம்பளமும் நிற்கும், காப்பீடும் போகும்.

ஜனவரியில் ஈமெயில் வந்தது. பெயர் போடாமல், "நம் ஆசிரியை ஒருவருக்கு" என்று இருந்தது. அது யார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் நாற்பத்தொரு நாட்கள் சேர்ந்திருந்தன.

நான் கொடுக்கவில்லை.

குபெர்டினோவில் இருக்கும் என் மகளுக்குப் பிரசவம் வருகிறது, லீவு வேண்டும் என்று மனதுக்குள் காரணம் சொல்லிக்கொண்டேன். பிரசவ தேதி ஜூலையில். பள்ளிக்கே கோடை விடுமுறை. அது எனக்குத் தெரியாததல்ல. உண்மைக் காரணம் பயம். அம்மாவுக்கு வந்தது, அக்காவுக்கு வந்தது, அடுத்தது நான் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அன்று எனக்கு இந்த நாட்கள் வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவின் அறை வாசலில் நின்ற எட்டாம் வகுப்புப் பெண்ணாகவே இருந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சோபாவில் போர்வையைப் போர்த்திப் படுத்திருந்தார். என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"எச்.ஆர்.ல விசாரிச்சேன்கா. கூடப் பிறந்தவங்க குடுக்கக் கூடாதுன்னு ரூலாம்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "அப்படியா? சரி, விடுடீ. அந்த ரசத்தைக் கொஞ்சம் சூடு பண்ணிக் குடு" என்றார்.

முகம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாகப் பலர் நாட்களைக் கொடுத்தார்கள். ஒன்று, இரண்டு, சிலர் ஐந்து என்று கொடுத்தார்கள். பிப்ரவரி முழுவதும் அக்கா அவர்களுடைய நாட்களில்தான் படுத்திருந்தார். மார்ச் நடுவில் அதுவும் தீர்ந்தது. இரண்டு கீமோவுக்கு நடுவில் மூன்று வாரம் அக்கா வேலைக்குத் திரும்பினார். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினார்.

ஒரு நாள் மாலை அக்காவை அழைத்து வர நான் போயிருந்தேன். பார்க்கிங்கில் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை. நான்தான் காலைத் தூக்கி வைத்தேன். டோல்வே நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் "நிறுத்துடீ" என்றார். ஓரத்தில் நிறுத்தினேன். வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ப்ராபபிலிட்டி ஆரம்பிக்கணும், பசங்களுக்குப் பகடை வாங்கணும். டார்கெட் கடையில ஒரு நிமிஷம் நிறுத்தறியா?" என்றார்.

என் நாற்பத்தொரு நாட்களும் அப்படியே இருந்தன. அந்தக் காரிலேயே சொல்லியிருக்கலாம். பகடை வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் அக்கா மறுபடியும் படுத்தபோது இன்னும் சிலர் நாட்களைக் கொடுத்தார்கள். மே மாதம், இனி சிகிச்சையால் பயனில்லை என்று அக்கா ஹாஸ்பிஸுக்குப் போன பிறகுதான் நான் படிவத்தை நிரப்பினேன். இருபது நாட்கள் என்று எழுதி அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். பள்ளி ஆண்டு முடிகிறது, இதுவரை வந்த நாட்களே போதும், உங்கள் நாட்கள் உங்களிடமே இருக்கும் என்று மிகவும் மென்மையாகச் சொன்னார். கொடுப்பவர் அக்காவின் தங்கை என்பது அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. ஜூன் முதல் வாரத்தில் அக்கா போய்விட்டார்.

அக்காவின் உடல் வைக்கப்பட்டிருந்த இடத்துக்கு, அவருடைய பள்ளி கேன்டீனில் வேலை செய்யும் மரியா என்ற அம்மாள் வந்திருந்தார். என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து, லீவு நாட்கள் கேட்கும் மனுவை எழுதிக் கொடுத்தாராம். "என் சொந்தத் தங்கையும் இதே மாவட்டத்தில் பஸ் ஓட்டுகிறாள். அவள் எனக்குப் பத்து நாட்கள் கொடுத்தாள். அவளுடைய படிவத்தையும் உங்கள் அக்காதான் நிரப்பிக் கொடுத்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கூடப் பிறந்தவர்கள் கொடுக்கலாம் என்பது அக்காவுக்குத் தெரியும். நான் பொய் சொன்ன அந்த நிமிடமே தெரியும். தெரிந்துதான் ரசத்தைச் சூடு பண்ணச் சொன்னார். அதன் பிறகும் தினமும் போனில் "சாப்பிட்டியாடீ?" என்று கேட்டார்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது என்னால் வகுப்பில் நிற்க முடியவில்லை. "உங்களிடம் சிக் லீவு நிறைய இருக்கிறதே, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒன்பது நாட்கள் எடுத்தேன். அக்காவுக்குக் கொடுக்காத நாட்களில்தான் அக்காவுக்காக வீட்டில் படுத்து அழுதேன்.

இதை எழுதி முடித்ததும் மாமாவிடம் கொடுத்தேன். அக்கா அவரிடம்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து பின்பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாள் தாளைத் திருப்பித் தந்தபோது ஓர் எழுத்துப்பிழை மட்டும் திருத்தப்பட்டிருந்தது. "அப்படியே பிரிண்டுக்குக் குடுத்துடு" என்றார்.

அக்காவின் நோய்க்காலத்தில் முறை வைத்துச் சமைத்துக் கொண்டு வந்த தமிழ்ப் பள்ளித் தோழிகளுக்கும், மருத்துவமனைக்குக் காரோட்டிய பக்கத்து வீட்டாருக்கும், கடைசி வாரங்களில் உடனிருந்த ஹாஸ்பிஸ் செவிலியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கள் நாட்களைக் கொடுத்தவர்கள் பெயர் எழுதிய அட்டை ஒன்றை அக்காவின் பிரின்சிபல் மாமாவிடம் கொடுத்திருக்கிறார். அதில் இருபத்திரண்டு பெயர்கள் இருக்கின்றன. கேன்டீனில் வேலை செய்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பஸ் ஓட்டுநர்கள், வேலையில் சேர்ந்து நான்கு மாதமே ஆன, கைவசம் மூன்றே நாட்கள் வைத்திருந்த ஓர் இளம் ஆசிரியை. அவர் இரண்டைக் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்குகிறேன். அந்த அட்டையில் தங்கையின் பெயர் இல்லை.