பசளைக்கு ஊர் கேட்பவள்

பயிருக்குப் பசளை விற்கும் கடையில் வேலை செய்ய மூக்கு இருக்கக்கூடாது, வாய் இருக்கலாம். எனக்கு இரண்டுமே கொஞ்சம் பெரிது. கவுண்டருக்குப் பின்னால் நின்று, "எது வேணும்?" என்று கேட்டு, "நீங்களே ஏதாவது தாங்க" என்ற பதிலால் காது புளித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாம் ஒரே கட்சி.

நான் நிற்பது கொழும்பு கொட்டாஞ்சேனையில். இங்கே வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. நிலம் ஓரிடத்தில், வீடு கொழும்பில் என்று இருப்பவர்கள் இங்கே வாங்கி லொறியில் அனுப்புவார்கள். பொஸ்பேட் கேட்டு வருகிறவர்களுக்கு எங்களிடம் இரண்டு வகை உண்டு. ஒன்று கல்லுத்தூள். பாறையை அரைத்தது, விலை குறைவு, புளிப்பு மண்ணில் மட்டும் மெல்ல மெல்லக் கரையும். மற்றது சுப்பர். விலை கூட, தண்ணீர் பட்டதும் கரையும். எதைக் கொடுப்பது என்று தெரிய நான் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: எந்த ஊர்? அந்தக் கேள்வியால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

வெங்காயத்துக்கு வந்த கோபம்

வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி ஒரு ஐயா வந்தார். ஊரில் தம்பி வெங்காயம் வைக்கிறாராம், அவருக்கு அனுப்பக் கல்லுத்தூள் வேண்டுமாம். "எந்த ஊர் ஐயா?" என்றேன். முகம் சிவந்துவிட்டது. அவரில் பிழை இல்லை. கொழும்பில் தமிழரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யார்? சோதனைச் சாவடியில் நின்றவன், வீடு வாடகைக்கு விடுகிறவன், பொலிஸ் பதிவுக்கு வந்தவன். நல்லதுக்கு எவன் கேட்டான்?

கடைசியில் யாழ்ப்பாணம் என்றார். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதில் புளிப்பு கிடையாது, வெங்காயத்தைக் கிண்டி எடுத்த பிறகும் கல்லுத்தூள் கல்லுத்தூளாகவே கிடக்கும் என்று பொறுமையாக விளக்கினேன். சுப்பர் மூட்டையை வாங்கிக்கொண்டார். கோபத்தை மட்டும் விடவில்லை. வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: "கலியாணம் பேசேக்கைதான் ஊர் கேப்பினம், பிள்ளை. இப்ப வெங்காயத்துக்கும் கேக்கத் தொடங்கிட்டீங்களோ?"

மீன்கார மாத்தையாவின் புல்

பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சிங்கள மாத்தையா, நுவரெலியாப் பக்கம் நிலம் வாங்கி மாட்டுக்குப் புல் வளர்க்கிறார். விலை கூடியது எதுவோ அதுதான் நல்லது என்பது அவர் நம்பிக்கை. சுப்பர்தான் வேண்டும் என்றார். அவருடையது மலைநாட்டுப் புளிப்பு மண். புல்லும் அவசரப் பயிர் இல்லை, வருடக்கணக்கில் நிற்கும். கல்லுத்தூளே போதும், மழைக்கு முன்னால் தூவுங்கள், மழை நன்றாகக் கழுவும் வரை மாட்டை உள்ளே விடாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சந்தோஷமாக லொறி நிறைய ஏற்றினார்.

போகும்போது என் ஊரைக் கேட்டார். கொட்டாஞ்சேனை என்றேன். அதில்லை, சொந்த ஊர் எது என்றார். எங்கள் குடும்பம் வெகு காலமாக இந்தத் தெருவில்தான். அதற்கு முன்னால் கப்பல். கப்பலுக்கு முன்னால் எந்த ஊர் என்று வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மறுபடியும் கொட்டாஞ்சேனை என்றே சொன்னேன். அதெல்லாம் ஒரு ஊரே இல்லை, தங்கச்சி என்று சிரித்தார்: "ஏக கமக் நெமெய்னே, நங்கி!"

முதலாளி போட்ட சட்டம்

அந்த லொறியைப் பார்த்ததும் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. கல்லுத்தூளை வாங்கிக் குவித்தார். அதன்பிறகு வந்தவர்கள் எல்லாம் வடக்கு ஆட்கள். நான் ஊரைக் கேட்பேன், சுப்பரைக் கொடுப்பேன். பின்னறையில் மூட்டைகள் அப்படியே கிடந்தன, மேலே கூரையும் ஒழுகத் தொடங்கியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இனிமே யார்கிட்டயும் ஊரக் கேக்காத. கல்லுத்தூளக் காட்டு, குடுத்து அனுப்பு" என்றார். அவங்க மண்ணுல அது கரையாதே என்றேன். நம்ம கடையிலிருந்து கரைந்தால் போதும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்பேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்: "நீ பசளை விக்கிறியா, இல்ல ஜாதகம் பாக்கிறியா?"

மிளகாய் அக்கா

வெள்ளவத்தைக்குப் பக்கத்துப் பாமன்கடையில் தையல் கடை நடத்திய ஒரு அக்கா வந்தார். கடையை மூடிவிட்டு ஊருக்கே போய் மிளகாய் வைக்கப் போகிறார். முதலாளியே முன்னால் வந்து, அக்காவுக்குக் கதிரை போட்டு, கல்லுத்தூளின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தார். அக்கா தலையாட்டிக்கொண்டே, "இந்தப் போகம் பிழைச்சா, எனக்குத் திரும்பிவரக் கடையும் இல்லை அண்ணா" என்றார். நான் நடுவே புகுந்தேன்.

"அக்கா, எந்த ஊர்?"

முதலாளி இருமினார். ஊர் முழுக்கக் கேட்கும் இருமல்.

"யாழ்ப்பாணம், உரும்பிராய். ஏன் தங்கச்சி?"

"அப்ப இது வேணாங்க்கா. உங்க மண்ணுல இது கரையாது. சுப்பர் வாங்குங்க."

அக்கா சுப்பரை வாங்கிக்கொண்டு போனார். பொழுது சாய்ந்தும் முதலாளி விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்: "சுகந்தி, நாளைக்கு நீ கடைக்கு வர வேணாம்."

வேண்டாம் என்ற நாள்

போனேன். எதற்குப் போகாமல் இருக்க வேண்டும்? பொய் சொன்னது நானா? வழக்கம்போல் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றேன். உள்ளுக்குள் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். முதலாளி என்னைப் பார்க்கவில்லை, போ என்று சொல்லவும் இல்லை.

வெங்காயக்கார ஐயா அன்றைக்கு வந்தது என் அதிர்ஷ்டம். முதலாளி பாய்ந்து போய்க் கல்லுத்தூள் மூட்டையைத் தட்டிக் காட்டினார். நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஐயா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உந்தப் பிள்ளை ஏன் பேசாமல் நிக்கிறா? தம்பியின்ரை வெங்காயம் இந்தமுறை நல்லா வந்திருக்கு. ஊர் கேளாத கடையிலை நான் பசளை வாங்கமாட்டன்" என்று குடையைக் கவுண்டரில் தட்டினார்.

முதலாளி மூட்டையை விட்டுக் கையை எடுத்தார். பின்னறையை ஒருதரம் பார்த்தார். அந்தக் கல்லுத்தூளை விற்க மலைநாட்டுப் புல்காரர்களையும் தேயிலைக்காரர்களையும் தேடிப்பிடிக்கப் போகிறவள் நான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கேட்டுத் தொலைம்மா!"

இப்போதெல்லாம் யாராவது என் சொந்த ஊரைக் கேட்டால், கொட்டாஞ்சேனையில் புளிப்பு மண்ணும் இல்லை சுண்ணாம்பு மண்ணும் இல்லை, எல்லாம் கொங்கிரீட், அதிலேயே பசளை இல்லாமல் முளைத்தவள் நான் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு எந்த ஊர் என்று திருப்பிக் கேட்கிறேன்.