மகளை வேவு பார்த்தேன்

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மகள் ஜெனிஃபர் கோவையில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள், நான் அறைக்குள் போனாலே போனை வைத்துவிடுவாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏதோ ஒரு நாட்டு அரசாங்கம் உளவு பார்க்க வைத்திருந்த கருவி வெளியே கசிந்துவிட்டதாக, வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்தது. ஞாயிறு ஆராதனைக்கு அவள் போயிருந்த நேரம் அதிலிருந்து இறக்கிய கருவியை அவளுடைய லேப்டாப்பில் ஏற்றினேன். வைரஸ் தடுப்பு எச்சரித்தது. அதையும் அணைத்தேன்.

கோவைக்குத் திரும்பிய மறுவாரம் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அப்பா, கேமரா லைட்டு தானா எரியுது. யாரோ என்னைய பாக்காங்க. பயமா இருக்குப்பா."

அவள் திரையில் வரும் செய்திகளை மட்டும்தான் நான் என் போனில் படித்துவந்தேன். அந்தக் கேமராவை நான் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

"ஏளா, முதல்ல நெட்டை நிப்பாட்டு. அதை வச்சது நான்தான். ஆனா இப்ப பாக்குறது நான் இல்ல."

"நீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கருவியைப் பரப்பியவர்களும் உள்ளே பார்க்க அதில் வழி இருந்ததாம். கல்லூரியில் லேப்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றித் தந்தார்கள். கடவுச்சொற்களையும் மாற்றினாள். அதற்குள் எதையெல்லாம் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது தெரியாத லிங்க் எதையும் நான் தொடுவதில்லை. அவள் விடுமுறைக்கு வந்தால் அறைக்கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன். கேட்க வேண்டியதை அவளிடமே கேட்கிறேன். சில நாள் பதில் சொல்கிறாள்.