நான் அரசாங்கமாக இருந்த வகுப்பு

2009ஆம் ஆண்டின் முற்பகுதி. கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமாதானமும் நீதியும் அகிம்சையும் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த மில்பிடாஸ் நகரில் எங்களுக்குத் தெரிந்த அங்கிள்மாரின் பிள்ளைகள் எல்லாம் இன்ஜினியரிங். என் படிப்பின் பெயரைச் சொல்லவே அம்மாவுக்குக் கூச்சம். "லோயருக்குப் படிக்கப் போறான்" என்று பூசி மெழுகுவார். அந்த மாதங்களில் அம்மாவின் தம்பி குடும்பத்தோடு இலங்கையில், வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். அவரிடமிருந்து போன் வந்து பல வாரமாகிவிட்டது.

எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. ஏதாவது ஒரு யுத்தத்தை எடுத்து, ஆளுக்கொரு தரப்பாகி, மேசையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டும். அந்த வாரம் இலங்கை. சொந்தத் தரப்பை யாரும் எடுக்கக்கூடாது என்பது விதி. எதிரியின் மனதை அப்போதுதான் விளங்கிக்கொள்ளலாமாம். ஆகவே நான் அரசாங்கம். தமிழருக்காகப் பேச வந்தவள், போன வாரம்தான் இலங்கையை வரைபடத்தில் தேடிப் பிடித்த ஒரு வெள்ளைக்காரப் பெண். கெட்டவள் என்றால் திட்டியாவது ஆறியிருப்பேன். நல்ல பிள்ளை.

நான் ஒன்றை மட்டும் முடிவுசெய்துகொண்டு போயிருந்தேன். அகப்பட்ட சனத்தை வெளியே விடுங்கள் என்று அவள் கேட்டால், மறுபேச்சில்லாமல் சம்மதிப்பது. விளையாட்டிலாவது மாமா வெளியே வரட்டும்.

அவள் மொழியுரிமை கேட்டாள். கொடுத்தேன். மாகாணங்களுக்கு அதிகாரம் கேட்டாள். கொஞ்சம் இழுத்தடித்துக் கொடுத்தேன். தேர்தல், பள்ளிக்கூடம், மீன்பிடி எல்லாம் வந்தன. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பொறுக்கமுடியாமல், வேறு ஏதாவது வேண்டுமா என்று நானே கேட்டேன். இல்லை, எங்களுக்குத் திருப்தி என்று சிரித்தாள். கைகுலுக்கினோம். பேராசிரியர் கைதட்டி, காதுகொடுத்துக் கேட்டால் தீராத பிரச்சினை இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் நல்ல நிதானம் இருப்பதாகப் பாராட்டு வேறு.

வீட்டில் அம்மா போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வகுப்பில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எங்கட பக்கம் கதைச்ச பிள்ளை, சனத்தை வெளியில விடச்சொல்லிக் கேட்டவளே?"

"இல்லையம்மா."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிறகு என்னத்துக்கடா கை குடுத்தனீங்கள்?"