ஜிஸ்லேன் போன தூரம்

தவரத்தினம் லா ஷப்பலில் கடை வைத்திருந்தவர். மிளகாய்த்தூள், முருங்கைக்காய், ஊதுபத்தி என்று அவர் விற்காதது குறைவு. ஆனால் படகு வாங்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்தவரில்லை. படகுதான் அவரைத் தேடி வந்தது.

1986ஆம் ஆண்டு கோடைத் தொடக்கத்தில், கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த எமில், தம் மாதா கோயில் விழாவுக்கான அதிர்ஷ்டச் சீட்டொன்றை அவர் தலையில் கட்டினார். எமில் புதுச்சேரிக்காரர்; பிரெஞ்சுத் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்; வேண்டாம் என்ற சொல் காதில் ஏறாத மனிதர். திருநீறு பூசியவனுக்கு மாதா கோயில் சீட்டில் என்ன விழப்போகிறது என்று தவரத்தினம் அதை வெந்தயப் போத்தலுக்குள் போட்டுவைத்தார். முதல் பரிசு விழுந்தது: ஒரு சிறிய மோட்டார்ப் படகு, அதில் பொருத்திய ரேடியோ, பக்கவாட்டில் நீல எழுத்தில் ஒரு பெயர். ஜிஸ்லேன். படகைத் தானமாகக் கொடுத்தவரின் மனைவி பெயராம். அதை மாற்ற வேண்டாம் என்று பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார்.

அன்று முதல், கடை பூட்டுகிற திங்கட்கிழமைகளில் தவரத்தினம் "ஜிஸ்லேனிட்டைப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, படகு கட்டிக்கிடந்த சென் தெனிக்கு ரயில் ஏறினார். மனைவி புனிதவதிக்கு அது பிடிக்கவில்லை. படகென்று தெரிந்தும் பிடிக்கவில்லை.

சேன் நதி உல்லாசப் படகுகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. மணலும் சிமெந்தும் சுமந்துகொண்டு பெனிஷ் என்கிற சரக்குப் படகுகள் அதில் ஓடின. ஒவ்வொன்றும் ஒரு சிறு தெருவின் நீளம். நினைத்த இடத்தில் அவற்றால் நிற்க முடியாது. மூக்குக்குக் கீழே வருகிற சின்னப் படகு அவற்றை ஓட்டுகிறவர் கண்ணில் படாது. அதனால் ஆற்றில் எல்லாரும் ரேடியோவில் பத்தாம் சேனலைத் திறந்துவைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும். அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றதும் எமில் தாமே போய்ப் பரீட்சை எழுதினார். பரீட்சை என்றால் அவருக்குப் பிரியம். சீட்டை விற்ற பாவத்துக்குப் பரிகாரமும் ஆயிற்று. வந்து தவரத்தினத்துக்கும் விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் கேள், பிறகு பேசு. சுருக்கமாகப் பேசு. யார், எங்கே நிற்கிறாய், எங்கே போகிறாய், இவ்வளவுதான்.

கடைசியில் சொன்னதில்தான் வில்லங்கம் இருந்தது.

தவரத்தினத்தின் ஊர் வழக்கப்படி, புறப்பட்டுப் போகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் கெடும். கேட்டவர் நல்லவரா, அந்நியரா, பிரெஞ்சுக்காரரா என்பதெல்லாம் பொருட்டில்லை. அப்படிக் கேட்டுவிட்டால் திரும்பி வந்து, சற்று இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். அறிந்தே ஆக வேண்டியவர் "தூரமோ?" என்று கேட்பார், விருப்பமென்றால் போகிறவர் சொல்வார். இதில் உனக்கு நம்பிக்கை உண்டா என்று யாராவது தவரத்தினத்தைக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். நம்பாத ஒன்றுக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிகிறவர்கள் உலகில் ஏராளம். நம்புகிற ஒன்றுக்குக் கீழ்ப்படிகிறவர்கள்தான் குறைவு.

முதல் திங்கட்கிழமை, ஆற்று நடுவிலிருக்கும் தீவின் முனையில் ஒரு பெனிஷ் மரியாதையாகக் கேட்டது: "ஜிஸ்லேன், எங்கே போகிறீர்கள்?" தவரத்தினம் படகைத் திருப்பிக் கரைக்கு வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி புறப்பட்டார். அடுத்த பெனிஷ் கேட்டது. அன்று அவர் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை.

அடுத்த வாரம் ரேடியோவை மூடிவைத்துப் பார்த்தார். தீவின் முனையில் சிமெந்துப் பெனிஷ் ஒன்று ஊதிய ஊதலில் எமிலின் தொப்பி ஆற்றில் விழுந்தது. "ரேடியோவ மூடிட்டுப் போறது, கண்ண மூடிக்கிட்டு மெத்ரோ தண்டவாளத்துல நடக்கிற மாதிரிங்க" என்றார் எமில். இனி அதை மூடினால் தான் வருவதில்லை என்றும் சொன்னார். அதற்கடுத்த வாரம், யாரும் கேட்கும் முன்பே தாமே சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. எமில் அழகான பிரெஞ்சில் சொன்னார். இரைச்சலில் சரியாகக் கேட்காத ஒரு பெனிஷ்காரர், "எங்கே என்றீர்கள்?" என்றார்.

இப்படியாக இரண்டு மாதம் போனது. ஜிஸ்லேன் தீவின் முனையைத் தாண்டியதில்லை.

புனிதவதி பொறுத்துப் பார்த்தாள். அவளுடைய தங்கை நாகேஸ்வரி ஆர்ஜந்தெயில், ஆற்றங்கரை ஓரமாகவே குடியிருந்தாள். ஆகஸ்ட் பதினைந்தில் அவள் குழந்தைக்கு முதலாவது பிறந்தநாள். "எல்லாரும் உங்கடை படகிலையே போவம்" என்றாள் புனிதவதி. "மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கை போய்ச் சேர்ந்தா, ஜிஸ்லேன் இருக்கட்டும். இல்லாட்டிக் குகதாசனுக்குக் குடுத்துப்போடுங்கோ." குகதாசன் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன். பொண்டியில் தோட்டத்தோடு வீடு வாங்கியிருந்தான். படகை மண்ணால் நிரப்பிக் கீரை போட அவனுக்கு ஆசை.

ஜிஸ்லேன் கீரைப்பாத்தி ஆவதைத் தவரத்தினத்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் அந்தப் படகை விரும்பினார் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. யார் என்ன கேட்டாலும் இன்றைக்குத் திருப்புவதில்லை என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார்.

பிறந்தநாளன்று எமில் காலைப் பூசை முடிந்து கழுத்துப்பட்டியோடு வந்து ரேடியோ முன் அமர்ந்தார். புனிதவதி ஒரு சட்டி நிறையப் பொரித்த ரோல்ஸோடும், குழந்தைக்கு வாங்கிய பரிசோடும் ஏறினாள். பரிசு ஒரு பெரிய பஞ்சுப் பொம்மை. கடையில் சுற்றிக்கொடுத்த தாள் போதாமல் மேலே இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

தீவின் முனையில் மணல் பெனிஷ் ஒன்று, கால்வாய் மதகு திறப்பதற்காக நடு ஆற்றில் காத்து நின்றது. அதன் உரிமையாளர் ழான்-லூக். அவர் குரல் ரேடியோவில் வந்தது: "ஜிஸ்லேன், மதகு திறந்ததும் நான் குறுக்கே திரும்பப் போகிறேன். நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

தவரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தார். சுக்கானை அசைக்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து புனிதவதியின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, கேட்டுப்போட்டான்."

"கேட்டாக் கேக்கட்டும். நாங்கள் போவம்."

"விசரே உங்களுக்கு? குழந்தைப்பிள்ளையின்ரை விசயத்துக்குப் போறம். திருப்புங்கோ."

தவரத்தினம் அவளைத் திரும்பிப் பார்த்தார். நிபந்தனை போட்டவள் அவள்தானா என்று சந்தேகமாக இருந்தது. திருப்பினார். கரையில் மூவரும் சற்று இருந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். எமில் குடிக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

இரண்டாம் முறை போனபோதும் மதகு திறக்கவில்லை. ழான்-லூக் கடமை தவறாதவர். அதே கேள்வியைக் கேட்டார். திரும்பினார்கள். ரோல்ஸ் ஆறத் தொடங்கியது. ஆர்ஜந்தெயில் இந்நேரம் சோறு வடித்திருப்பார்கள் என்றாள் புனிதவதி, யாரையும் பார்க்காமல்.

மூன்றாம் முறை ஜிஸ்லேன் தலைகாட்டியதும் ரேடியோ கேட்டது: "ஜிஸ்லேன், உங்கள் சுக்கானில் ஏதாவது பழுதா?"

எமில் தொண்டையைச் செருமிக்கொண்டார். கௌரவமான ஒரு பொய்யை இலக்கணத்தோடு அடுக்கிக்கொண்டிருந்தார் போலும். அதற்குள் புனிதவதி எட்டி ஒலிவாங்கியைப் பறித்துவிட்டாள். சென் தெனி அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்து பழகிய பிரெஞ்சு அவளுடையது. வளைவு நெளிவு இல்லாதது.

"முசியே, படகு சுகமாக இருக்கிறது. நீங்கள் கேட்கிற கேள்விதான் பழுது."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீரைச் சொன்னாள், இரண்டு மாதத்தைச் சொன்னாள், கீரையைக்கூடச் சொன்னாள். எங்கே என்று கேட்காதீர்கள், தூரமா என்று கேளுங்கள் என்று முடித்தாள். பத்தாம் சேனலை அந்த ஆற்றில் அக்கம்பக்கத்துப் படகுகள் அத்தனையும் கேட்கும் என்பதை அறிந்த எமில், முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

பிறகு ழான்-லூக் தாழ்ந்த குரலில் பேசினார்.

"மதாம், என் தகப்பன் கடலோடி. எங்கள் படகிலும் ஒன்று உண்டு. நீளக் காது வைத்த ஒரு பிராணியின் பெயரை இங்கே சொல்லக்கூடாது. யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு நான் நகர மாட்டேன்."

"என்ன பிராணி அண்ணை?" என்று புனிதவதி எமிலிடம் கேட்டாள். அவள் விரல் மறுபடி ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தியிருந்தது. கேட்ட கேள்விக்குச் சரியான விடை தெரிந்தால் சொல்லாமல் இருக்க முடியாத எமில், முகத்திலிருந்து கையை எடுத்து வாயைத் திறந்தார். தவரத்தினம் சுக்கானை விட்டுவிட்டுப் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினார். தன்னிலும் மூத்த ஒருவரை அவர் அப்படித் தொட்டது அதுவே முதலும் கடைசியும்.

புனிதவதியின் பார்வை பொதியில் நீட்டிக்கொண்டிருந்த காதுகள்மேல் போனது. அவசரமாகத் தன் சால்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினாள்.

"எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை, முசியே" என்றாள், மெத்ரோவில் டிக்கட் பரிசோதகரைப் பார்க்கிற அதே முகத்தோடு.

"நல்லது" என்றார் ழான்-லூக். அவர் தொண்டையைச் சரிசெய்துகொள்வது கேட்டது. "ஜிஸ்லேன். தூரமா?"

தவரத்தினம் மனைவியிடமிருந்து ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் வாங்கினார். ஜிஸ்லேன் பேசுகிறேன், தூரமில்லை என்றார். ஆர்ஜந்தெய்ப் பாலத்தடி மட்டும்தான், உங்கள் பின்பக்கமாகக் கடந்துகொள்கிறேன் என்றார். யார், எங்கே, எந்தப் பக்கம் என்று எல்லாமே அதில் இருந்தன. பரீட்சையில் எழுதியிருந்தால் தேறியிருக்கும் என்று எமில் ஒப்புக்கொண்டார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

அந்தக் கேள்வி பிறகு அந்த ஆற்றுத் துண்டில் ஒட்டிக்கொண்டது. சில பெனிஷ்காரர்கள் கேலியாகவும் சிலர் பழக்கமாகவும் ஜிஸ்லேனைக் கண்டால் "செ லுவேன்?", தூரமா, என்று கேட்டார்கள். கேலிக்கும் மரியாதைக்கும் வித்தியாசம் ஓசையில்தான் என்பதால் தவரத்தினம் இரண்டுக்கும் ஒரே மாதிரி பதில் சொன்னார். அங்கிருந்து அவர் எங்கெங்கோ போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆர்ஜந்தெய்ப் பாலத்தடியில் படகைக் கட்டும்போது, மேலே வீட்டில் வாழையிலைக்குப் பதிலாகக் காகிதத் தட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். புனிதவதி சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "குகதாசண்ணையைக் கீரைக்கு வேறை ஏதும் பாக்கச் சொல்லுங்கோ" என்று கணவனிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

கரைக்கு ஓடிவந்த நாகேஸ்வரி படகுக்குள் எட்டிப் பார்த்தாள். சால்வை நழுவியிருந்தது.

"அக்கா, எவ்வளவு வடிவான முயல்…"

"மெல்லக் கதையடி" என்று புனிதவதி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ரேடியோ திறந்து கிடக்கு."